குற்றவியலில் இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த படிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டாம் வகுப்பை முடித்த மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் இந்தப் படிப்பைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், படித்து வேலை தேட எண்ணுகிறவர்களை மனத்தில் வைத்தே இவ்விடைகள் எழுதப்பட்டுள்ளன. வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி ஒரே ஒரு கேள்வி மட்டும் இடம்பெறுகிறது.

இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த படிப்பு என்பது சரியாக எதைக் குறிக்கிறது?

இந்தியாவில் ஒரு மாணவர் முதுநிலைப் பட்டம் வரை செல்ல இன்று மூன்று வழிகள் உள்ளன. மூன்றாண்டு இளநிலையை முடித்துவிட்டு, மறுபடியும் விண்ணப்பித்து, இரண்டாண்டு முதுநிலையில் சேர்வது பழைய வழி. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஒரே சேர்க்கையில் ஐந்தாண்டுகளுக்கும் இடம் பெற்றுவிடுவது ஒருங்கிணைந்த படிப்பு. நான்காண்டு இளநிலை ஆனர்ஸ் படித்துவிட்டு ஓராண்டில் முதுநிலையை முடிப்பது மூன்றாவது வழி. பல்கலைக்கழக மானியக் குழு இளநிலைக்கு 2022 டிசம்பரிலும் முதுநிலைக்கு 2024-இலும் வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்புகள் இந்த மூன்றாவது வழியைத் திறந்துவிட்டன. அவற்றின்படி மூன்றாண்டு இளநிலைக்குக் குறைந்தது 120 கிரெடிட் (படிப்பின் அளவைக் குறிக்கும் அலகு), நான்காண்டுக்கு 160 கிரெடிட். இரண்டாண்டு முதுநிலைக்கு 80, ஓராண்டு முதுநிலைக்கு 40.

இந்த எண்களைக் கூட்டிப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். மூன்று வழிகளிலும் மொத்தம் 200 கிரெடிட், மொத்தம் ஐந்து ஆண்டு. எனவே ஒருங்கிணைந்த படிப்பில் சேர்ந்தால் ஓராண்டு மிச்சமாகும் என்று எந்தக் கல்லூரியாவது விளம்பரம் செய்தால், எதனோடு ஒப்பிட்டு மிச்சம் என்று கேட்க வேண்டும். இந்திய மாணவருக்கு இதில் மிச்சமாவது இரண்டாவது சேர்க்கையின் அலைச்சலும் நுழைவுத் தேர்வும்தான், காலம் அன்று.

இந்த நான்காண்டு வழிக்கு அடிப்படையான தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாட்டு அரசு ஏற்கவில்லை. ஆகவே இங்குள்ள அரசு, அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரிகளில் மூன்றாண்டு இளநிலையே வழக்கம். நான்காண்டு ஆனர்ஸ் வழியை நாடுவோர் பெரும்பாலும் மத்தியப் பல்கலைக்கழகங்களையும் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களையுமே பார்க்க வேண்டியிருக்கும்.

குற்றவியலும் தடய அறிவியலும் ஒன்றுதானே?

இல்லை. இந்தக் குழப்பத்தோடு சேர்ந்துவிட்டு இரண்டாம் ஆண்டில் வருந்துகிறவர்கள் குறைவில்லாததால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

தடய அறிவியல் என்பது குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த பொருளை ஆராய்வது. இரத்தக் கறை, விரல்ரேகை, நஞ்சு, துப்பாக்கிக் குண்டு, கையெழுத்து, கைப்பேசியிலிருந்து அழிக்கப்பட்ட தரவு ஆகியவற்றைக் கொண்டு இன்னது நடந்தது என்று நீதிமன்றத்தில் நிறுவுவது அதன் வேலை. அதற்கு வேதியியல், இயற்பியல், உயிரியல் ஆகியவற்றில் அடித்தளம் வேண்டும். இந்தியாவில் இந்தத் துறைக்கு நீண்ட வரலாறு உண்டு. வேதியியல் ஆய்வாளர் கூடம் ஒன்று சென்னையில் 1849-இலேயே தொடங்கப்பட்டது. குற்றவியலோ குற்றத்தைச் சமூக நிகழ்வாகப் பார்க்கிறது. எவை குற்றம் என்று யார் வகுக்கிறார்கள், சில தெருக்களில் மட்டும் திருட்டு ஏன் மிகுகிறது, சிறையிலிருந்து வந்தவர்களில் சிலர் திரும்பவும் குற்றம் செய்ய மற்றவர்கள் ஏன் செய்வதில்லை, பாதிக்கப்பட்டவருக்கு நீதி அமைப்பு என்ன செய்கிறது என்பன போன்ற கேள்விகள் அதற்கு உரியவை. சமூகவியல், உளவியல், சட்டம், புள்ளியியல் ஆகியவை அதன் கருவிகள்.

வேலைவாய்ப்பிலும் இந்த வேறுபாடு கறாராகவே பின்பற்றப்படுகிறது. 2024 ஜூலை 1 அன்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழாண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்குச் சென்று சான்றுகளைத் திரட்ட வேண்டும் என்கிறது. இதனால் தடய அறிவியல் பட்டதாரிகளின் தேவை உயரும் என்று எதிர்பார்ப்பது நியாயம். ஆனால் அந்தப் பணியிடங்கள் அறிவியல் பட்டம் பெற்றவர்களுக்கானவை, எம்.ஏ. குற்றவியல் படித்தவர் அவற்றுக்கு விண்ணப்பிக்க முடியாது. காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. தடய அறிவியலும் உண்டு, இரண்டாண்டு எம்.ஏ. குற்றவியலும் உண்டு. ஒரே பல்கலைக்கழகத்தில் நடப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடா.

இந்தியாவில் இந்தப் பாடம் எங்கெங்கே வேரூன்றியிருக்கிறது?

மத்தியப் பிரதேசத்தின் சாகர் பல்கலைக்கழகத்தில் 1959-இல் குற்றவியலுக்கும் தடய அறிவியலுக்கும் சேர்த்து ஒரு துறை தொடங்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறை 1965-இல் உருவானது. இந்தியக் குற்றவியல் சங்கம் 1970-இல் சென்னையில்தான் அமைந்தது. பாதிக்கப்பட்டோரைப் பற்றிய ஆய்வை இந்தியாவில் தனித் துறையாக வளர்த்ததிலும் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு; அத்துறையின் பேராசிரியராக இருந்த கு. சொக்கலிங்கம் பின்னர் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அந்தப் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறை இயங்குகிறது. இணையக் குற்றங்களைக் குற்றவியல் நோக்கில் ஆராயும் போக்கு 2007-ஐ ஒட்டி அங்கிருந்து உலக அளவில் கவனம் பெற்றது.

நம் மாநிலத்தில் இந்தப் பாடத்தின் வலிமை நீண்ட காலமாக முதுநிலையிலும் ஆய்விலுமே இருந்து வந்திருக்கிறது. இளநிலை அளவில் 'குற்றவியலும் காவல் நிர்வாகமும்' போன்ற பெயர்களில் சில கல்லூரிகள் பி.ஏ. நடத்துகின்றன. ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு என்று எங்காவது அறிவிப்பு வந்தால், அதை நடத்தும் துறைக்கு முழுநேரக் குற்றவியல் ஆசிரியர்கள் இருக்கிறார்களா, சட்டம் அல்லது சமூகப்பணித் துறையின் ஆசிரியர்களே கூடுதலாகக் கற்பிக்கிறார்களா என்று விசாரிப்பது தகும்.

ஐந்து ஆண்டுகளில் உண்மையில் என்ன படிக்க வேண்டியிருக்கும்?

முதலிரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் அடிப்படைகளில் கழியும். சமூகவியல், உளவியல், அரசமைப்புச் சட்டம், குற்ற நீதி அமைப்பின் உறுப்புகள் ஆகியவை அறிமுகமாகும். கொள்கைகளின் வரலாறு இத்தாலியச் சிந்தனையாளர்களான பெக்காரியாவில் தொடங்கி லோம்ப்ரோசோ வழியாக இருபதாம் நூற்றாண்டுக்கு வரும். குற்றவாளி உடலமைப்பிலேயே வேறுபட்டவர் என்று லோம்ப்ரோசோ 1876-இல் சொன்னதை இன்று யாரும் ஏற்பதில்லை என்றாலும், ஒரு கருத்து எப்படி அறிவியல் வேடம் பூண்டு வரும் என்பதைப் புரிந்துகொள்ள அவரைப் படிக்கத்தான் வேண்டும். சிகாகோவில் ஷா, மெக்கே ஆகிய இருவரும் நகரின் எந்தப் பகுதிகளில் சிறார் குற்றம் மிகுகிறது என்று வரைபடமாக்கிக் காட்டியது, சமூகம் காட்டும் இலக்குக்கும் அது தரும் வழிக்கும் இடையிலான முரணை மெர்டன் 1938-இல் விளக்கியது, கோட்டும் சூட்டும் அணிந்தவர்களின் குற்றங்களின் பக்கம் சதர்லேண்ட் 1939-இல் கவனத்தைத் திருப்பியது, குற்றம் செய்ய முனைபவரும் தகுந்த இலக்கும் காவலின்மையும் ஒன்றுகூடும் இடத்தில் குற்றம் நிகழ்கிறது என்று கோஹனும் ஃபெல்சனும் 1979-இல் வாதிட்டது ஆகியவை எந்தப் பாடத்திட்டத்திலும் இடம்பெறும்.

இவையெல்லாம் மேற்கிலிருந்து வந்தவை. ஒரு துறை நன்றாக நடக்கிறதா என்று அறிய, இந்தியப் பகுதியை அது எப்படிக் கற்பிக்கிறது என்று பார்த்தாலே போதும் என்பது என் கருத்து. 1871-இல் வட இந்தியாவில் கொண்டுவரப்பட்டு 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், ஒரு சமூகத்தில் பிறந்ததையே குற்றத்துக்கு அடையாளமாக்கியது. பிரமலைக் கள்ளர்களின் பெயர்களைப் பதிவுசெய்து, ரேகை எடுத்து, இரவில் காவலில் இருக்கச் செய்த அந்த நடைமுறையை எதிர்த்தவர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே உள்ள பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31 அன்று முடிவுக்கு வந்தது. ஆனாலும் அதன் சாயல் சிறை விதிகளில் நீடித்தது. சிறைகளில் சாதி அடிப்படையில் வேலை பிரிப்பதையும், சீர்மரபினரை (அச்சட்டத்தின்கீழ் முன்பு பதிவான சமூகத்தினரை) பழக்கக் குற்றவாளிகளாகக் கருத இடம் தரும் விதிகளையும் உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில்தான் அரசமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. ஒருவரைக் குற்றவாளி என்று முத்திரை குத்துவதே அவரைக் குற்றத்தில் நிலைக்கச் செய்யும் என்னும் கோட்பாட்டை அமெரிக்க எடுத்துக்காட்டுகளால் மட்டும் விளக்கிவிட்டு உசிலம்பட்டி வட்டாரத்தை மறந்துவிடும் வகுப்பறையில் மாணவருக்குப் பாதிப் பாடமே கிடைக்கிறது.

மூன்றாம் ஆண்டு முதல் ஆய்வு முறை, புள்ளியியல், சிறை நிர்வாகம், சிறார் நீதி, பாதிக்கப்பட்டோரியல், இணையக் குற்றம், பொருளாதாரக் குற்றம் ஆகியவை வரும். 2024 ஜூலைக்குப் பின் மூன்று புதிய குற்றவியல் சட்டங்களையும் கற்பிக்க வேண்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய பிரிவு எண்களோடு நின்றுவிடும் பாடத்திட்டம் காலாவதியானது. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா சமூக சேவையை ஒரு தண்டனையாகவே சேர்த்திருக்கிறது. அதை யார் மேற்பார்வையிடுவது, பயன் உண்டா என்று எப்படி அளப்பது ஆகியவை குற்றவியல் மாணவருக்கென்றே அமைந்த கேள்விகள். ஐந்தாம் ஆண்டின் பெரும்பகுதி ஆய்வேட்டுக்குப் போகும்.

கணக்கு வராதவர்கள் படிக்க முடியுமா?

முடியும், ஆனால் புள்ளியியலைத் தவிர்க்க முடியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையை வாசிப்பதே ஒரு பயிற்சி. ஒரு முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் பதிவாகியிருந்தாலும், மிகக் கடுமையான தண்டனைக்குரிய ஒன்றை மட்டுமே காப்பகத்தின் ஆண்டறிக்கை கணக்கில் கொள்கிறது. கொலையோடு சேர்ந்து நடந்த திருட்டு, திருட்டுக் கணக்கில் வராது. அதேபோல, ஒரு மாவட்டத்தில் வழக்குப் பதிவுகள் கூடினால் குற்றம் கூடியது என்றும் பொருள் கொள்ளலாம், காவல் நிலையத்தில் புகாரைத் தயங்காமல் வாங்கத் தொடங்கிவிட்டார்கள் என்றும் பொருள் கொள்ளலாம். பதிவாகாத குற்றங்களை அறியப் பிற நாடுகள் வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்கின்றன. அமெரிக்காவில் 1970-களிலும் இங்கிலாந்தில் 1982-இலும் அது தொடங்கியது. இந்தியாவில் தேசிய அளவில் ஆண்டுதோறும் அப்படி நடப்பதில்லை. சென்னை உள்ளிட்ட சில பெருநகரங்களில் தனி ஆய்வுகள் நடந்திருக்கின்றன. செய்தித்தாளில் 'குற்றம் இத்தனை விழுக்காடு குறைந்தது' என்று வருவதை நம்பலாமா என்று சொல்லத் தெரிந்தால், இந்தப் படிப்பில் பாதி கைவந்துவிட்டது எனலாம்.

பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுத்திருக்க வேண்டும்?

பி.ஏ., எம்.ஏ. என்று முடியும் படிப்புகளுக்குப் பொதுவாக எந்தப் பிரிவும் போதும். பி.எஸ்சி., எம்.எஸ்சி. என்று முடிபவற்றுக்கு, குறிப்பாக இணையத் தடயவியல் சேர்ந்தவற்றுக்கு, அறிவியல் அல்லது கணினி அறிவியல் பிரிவைக் கேட்பார்கள்.

மூன்றாண்டு இளநிலையும் தனி முதுநிலையும் நல்லதா, ஒருங்கிணைந்த படிப்பு நல்லதா?

பதினேழு வயதில் ஒருவருக்குக் குற்றவியல்தான் வேண்டும் என்று உறுதியாகத் தெரிந்திருந்தால், நல்ல ஒருங்கிணைந்த படிப்பு பயனுள்ளது. ஆசிரியர்கள் மாறுவதில்லை, முதுநிலையின் முதல் செமஸ்டரில் இளநிலைப் பாடங்களைத் திரும்பவும் நடத்தும் வீண்வேலை இல்லை, ஆய்வுத் தலைப்பை மூன்றாம் ஆண்டிலிருந்தே வளர்க்கலாம்.

அந்த உறுதி இல்லாதவர்களுக்கும், படித்து முடித்ததும் அரசுப் பணியை நாடுகிறவர்களுக்கும், சமூகவியல், உளவியல் அல்லது சமூகப்பணியில் மூன்றாண்டு இளநிலையை முடித்துவிட்டு முதுநிலையில் குற்றவியலுக்கு வருவதே என் பரிந்துரை. ஒருங்கிணைந்த படிப்பில் கையில் கிடைக்கும் இரண்டு பட்டங்களும் ஒரே பாடத்தில் இருக்கும். பிரித்துப் படித்தால் இரண்டு பாடங்களில் பட்டம் இருக்கும். இந்திய அரசுப் பணி விதிகளில் குற்றவியல் என்ற சொல் அரிதாகவே வருகிறது. சமூகவியல், உளவியல், சமூகப்பணி, சட்டம் ஆகியவை அடிக்கடி வருகின்றன. கல்லூரிக் கையேடுகளில் இதைக் காண முடியாது. விதியின் வாசகங்களைக் கீழே வேலை பற்றிய கேள்வியில் காணலாம்.

இடையில் விலக நேர்ந்தால் என்ன கிடைக்கும்?

மானியக் குழுவின் புதிய கட்டமைப்பைப் பின்பற்றும் நிறுவனமாக இருந்தால், 40 கிரெடிட்டோடு முதலாண்டு முடிவில் விலகுகிறவருக்குச் சான்றிதழும், 80 கிரெடிட்டோடு இரண்டாம் ஆண்டு முடிவில் விலகுகிறவருக்குப் பட்டயமும், மூன்றாண்டு முடித்தவருக்கு இளநிலைப் பட்டமும் உண்டு. முதலிரண்டு கட்டங்களிலும் விலகுவதற்கு நான்கு கிரெடிட் மதிப்புள்ள தொழிற்பயிற்சி ஒன்றை முடித்திருக்க வேண்டும். விலகியவர் மூன்றாண்டுக்குள் திரும்பலாம்.

பழைய முறையில் நடக்கும் ஐந்தாண்டுப் படிப்புகள் சிலவற்றில் இடைப் பட்டமே கிடையாது. ஐந்தாண்டும் முடித்தால்தான் முதுநிலைப் பட்டம், இல்லையேல் மதிப்பெண் பட்டியல் மட்டும். இன்னும் சிலவற்றில் ஐந்தாண்டை முடித்தவருக்கும் தனி இளநிலைச் சான்றிதழ் தருவதில்லை. இளநிலைப் பட்டத்தைத் தனியாகக் காட்டச் சொல்லும் தேர்வாணையத்தின் முன் இது பெரிய தலைவலியாகும். மூன்றாம் ஆண்டு முடிவில் இளநிலைப் பட்டம் தனியாக வழங்கப்படுமா என்பதைச் சேருமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இதைப் படித்தால் காவல்துறையில் எளிதில் சேரலாமா?

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். குற்றவியல் படித்தவருக்கும் வரலாறு படித்தவருக்கும் அங்கே ஒரே வரிசைதான். இந்தியக் காவல் பணிக்கான குடிமைப் பணித் தேர்விலும் அப்படியே. அதன் விருப்பப் பாடப் பட்டியலில் குற்றவியல் இல்லவே இல்லை. குற்றவியல் மாணவர்கள் பலர் அதனால் சமூகவியலை விருப்பப் பாடமாக எடுக்கிறார்கள். பணியில் சேர்ந்த பிறகு இந்தப் படிப்பு நிச்சயம் கைகொடுக்கும். தேர்வில் வெல்ல அது குறுக்குவழி அன்று.

அப்படியானால் எந்த வேலைகளுக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது?

சிறை, நன்னடத்தை (குற்றம் செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விடுவது), சிறார் நீதி, பாதிக்கப்பட்டோர் உதவி ஆகிய நான்கும் இந்தப் படிப்பின் இயல்பான களங்கள். 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின் ஆறாம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயுள் தண்டனை விதிக்கத்தக்கவை அல்லாத குற்றங்களில் சிக்கிய, 21 வயது நிரம்பாத ஒருவரைச் சிறைக்கு அனுப்புமுன், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை நீதிமன்றம் கேட்டுப் பெற வேண்டும். அந்த இளைஞரின் குடும்பம், வேலை, நட்பு, குற்றத்தின் சூழல் ஆகியவற்றை விசாரித்து இரண்டு மூன்று பக்கங்களில் எழுதப்படும் அறிக்கை ஒருவருடைய வாழ்க்கையைத் திருப்பக்கூடியது. குற்றவியல் படித்தவர் எழுதினால் அது வேறு தரத்தில் இருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, கொடுங்குற்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்ட 16 முதல் 18 வயது வரையிலான சிறாரைப் பற்றி சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்யும்போது உளவியலாளர், உளசமூகப் பணியாளர், பிற வல்லுநர் ஆகியோரின் உதவியைப் பெறலாம். இந்த இடத்திலும் குற்றவியலுக்கு வேலை உண்டு.

ஆனால் தகுதி விதிகளைப் பாருங்கள். இளைஞர் நீதிக் குழுமத்தின் சமூகப் பணியாளர் உறுப்பினராக, குழந்தைகள் தொடர்பான பணியில் ஏழாண்டு அனுபவம் வேண்டும், அல்லது குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் இவற்றில் ஒன்றில் பட்டம் பெற்றுத் தொழில் செய்பவராக இருக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் பிரிவு கூறுகிறது. குழந்தைகள் நலக் குழுமத்துக்கு 2021-இல் திருத்தப்பட்ட பிரிவு இன்னும் நீண்ட பட்டியலைத் தருகிறது. சமூகப்பணி, கல்வி, மனித மேம்பாடு, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான சிறப்புக் கல்வி வரை அதில் வருகின்றன. குற்றவியல் இரண்டிலும் இல்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் சட்டம் சார்ந்த நன்னடத்தை அலுவலர் பணிக்குச் சட்டப் பட்டம் கேட்கிறார்கள். சிறாரின் குற்றத்தைப் பற்றியே ஐந்தாண்டு படித்தவருக்கு இடமில்லாத பட்டியலை யார், என்ன எண்ணத்தில் தயாரித்தார்களோ தெரியவில்லை. இந்திய குற்றவியல் அமைப்புகள் உரக்கக் கேட்க வேண்டிய கேள்வி அது. அது மாறும் வரை, சமூகப்பணி, உளவியல், சமூகவியல், சட்டம் ஆகியவற்றில் ஒன்றில் பட்டம் இருப்பது பாதுகாப்பு.

சிறைத் துறையைப் பொறுத்தவரை, 1979 முதல் வேலூரில் இயங்கும் சிறை மற்றும் சீர்திருத்த நிர்வாகப் பயிற்சியகம் தென் மாநிலங்களின் சிறை அலுவலர்களுக்குப் பயிற்சி அளிக்கிறது. நல்ல துறைகள் தம் மாணவர்களை அங்கே அழைத்துச் செல்வதுண்டு. பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டங்கள் 2008-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் வந்த பிறகு, அத்துறையில் தொண்டு நிறுவனங்களின் பணிகளும் பெருகியுள்ளன. ஊதியம் பெரிதாக இராது. பணி ஒப்பந்த அடிப்படையில் இருக்கும். இதைப் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

தனியார் துறையில் வாய்ப்பு உண்டா?

உண்டு; வளர்ந்தும் வருகிறது. 2002-ஆம் ஆண்டின் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்படி வங்கிகளும் நிதி நிறுவனங்களும் ஐயத்துக்குரிய பரிவர்த்தனைகளை நிதி உளவுப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பரிவர்த்தனைகளை ஆராயும் குழுக்கள் சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள வங்கிச் சேவை மையங்களில் ஏராளம். காப்பீட்டு மோசடி விசாரணை, பணியாளர் பின்னணிச் சரிபார்ப்பு, சமூக ஊடக நிறுவனங்களின் பாதுகாப்புப் பிரிவு ஆகியவையும் ஆட்களை எடுக்கின்றன. இவற்றில் பட்டத்தின் பெயரைவிட எக்செல், தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்க உதவும் எஸ்க்யூஎல், தெளிவான ஆங்கில அறிக்கை ஆகியவற்றுக்கு மதிப்பு அதிகம். மோசடி ஆய்வுக்கான சிஎஃப்இ போன்ற பன்னாட்டுச் சான்றிதழ்களைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பட்டத்தோடு வழக்கறிஞர் ஆகலாமா?

ஆக முடியாது. இந்திய வழக்கறிஞர் மன்றம் அங்கீகரித்த மூன்றாண்டு எல்எல்.பி. அல்லது ஐந்தாண்டு ஒருங்கிணைந்த சட்டப் படிப்பு வேண்டும். குற்றவியல் இளநிலையை முடித்துவிட்டு மூன்றாண்டு எல்எல்.பி. படிக்கலாம், மேலே சொன்ன பணி விதிகளை வைத்துப் பார்த்தால், அது வலுவான இணை.

ஆசிரியராகவோ ஆய்வாளராகவோ ஆக விரும்புகிறவர்களுக்கு?

இவர்களுக்குத்தான் சேர்ந்த படிப்பு மிகவும் பொருத்தமானது. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான, மானியக் குழுவின் நெட் தேர்வில் குற்றவியல் 68-ஆம் எண்ணுள்ள தனிப் பாடம். தடய அறிவியல் 82. முனைவர் பட்டத்துக்கு முதுநிலையில் 55 விழுக்காடு வேண்டும். நான்காண்டு இளநிலையில் 75 விழுக்காடு பெற்றவர் முதுநிலை இல்லாமலே நேரடியாக விண்ணப்பிக்க 2022-ஆம் ஆண்டு விதிகள் வழிசெய்கின்றன. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு ஐந்து விழுக்காடு தளர்வு உண்டு. ஆசிரியர் பணியிடங்கள் மிகக் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். குற்றவியலுக்குத் தனித் துறை வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் நாட்டில் சிலவே.

களப்பணியும் ஆய்வேடும் எப்படி இருக்கும்? ஆபத்து உண்டா?

சிறை, சட்டத்துக்கு முரண்பட்ட சிறாரை விசாரணைக் காலத்தில் தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லம், காவல் நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றுக்கு மாணவர்கள் துறை வழியாகவே செல்வார்கள். சிறைவாசிகளை நேர்காண விரும்பினால் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையின் அனுமதியும், பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் ஒப்புதலும் தேவை. அனுமதி வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், நான்காம் ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பித்துவிடும் மாணவர்தான் ஐந்தாம் ஆண்டில் ஆய்வேட்டை முடிக்கிறார். இந்தியச் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். அவர்களுடைய வழக்கு முடியவில்லை. 'நீ செய்தாயா' என்று அவர்களிடம் கேட்கும் வினாத்தாள் அறநெறிக்கு மாறானது மட்டுமன்று, அவர்களுக்குச் சட்டச் சிக்கலையும் கொண்டுவரும். இதை மாணவருக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

உடலுக்கு ஆபத்து என்று சொல்லத்தக்கது அரிது. மனச்சுமை உண்டு. பாலியல் வன்முறையால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் வழக்குக் கட்டுகளை வாரக்கணக்கில் படிப்பது யாரையும் பாதிக்கும். அதற்கான ஆலோசனை வசதி துறையில் இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. பெண்களுக்கு இந்தப் படிப்பு ஏற்றதா என்று பெற்றோர் கேட்கிறார்கள். குழந்தைகள், பெண்கள் தொடர்பான சேவைகளில் பெண் பணியாளர்களின் தேவையே மிகுதி என்பதால், அந்தக் கேள்விக்கு விடை சொல்லக் கடினமில்லை.

தொலைநிலையில் படிக்கலாமா?

பணியில் இருக்கும் காவலர்களுக்கும் சிறைக் காவலர்களுக்கும் அது ஏற்ற வழி. நிறுவனத்துக்கு மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அந்தந்த ஆண்டுக்கு, அந்தந்தப் பாடத்துக்கு அளித்த ஏற்பு இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாகப் படிக்கும் பதினெட்டு வயது மாணவருக்கு, களப்பணி இல்லாத குற்றவியலை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெளிநாட்டில் இந்தச் சேர்ந்த படிப்பு எப்படி நடக்கிறது?

அமெரிக்காவில் இளநிலைக்கு நான்கு ஆண்டு, வழக்கமாக 120 கிரெடிட். சேர்ந்த படிப்பில் சில முதுநிலைப் பாடங்களை இளநிலையின் கடைசி ஆண்டிலேயே எடுத்து, அவற்றை இரண்டு பட்டங்களுக்கும் கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆறாண்டுப் படிப்பு ஐந்தில் முடிவதால், மெய்யாகவே ஓராண்டுக் கட்டணம் அங்கே மிச்சமாகிறது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் ஜான் ஜே குற்ற நீதிக் கல்லூரி இப்படி நடத்தும் நிறுவனங்களில் பெயர் பெற்றது. பெரும்பாலான இடங்களில் முதல் நாளிலேயே இதில் சேர முடியாது. இரண்டு மூன்று ஆண்டு நல்ல மதிப்பெண் பெற்ற பின் விண்ணப்பிக்க வேண்டும்.

இந்திய மாணவர் கவனிக்க வேண்டியவை இரண்டு. மூன்றாண்டு இளநிலையோடு அமெரிக்க முதுநிலைக்கு விண்ணப்பித்தால், பதினாறு ஆண்டுக் கல்வி இல்லை என்று சில பல்கலைக்கழகங்கள் மறுக்கும். நான்காண்டோ ஐந்தாண்டோ படித்தவருக்கு அந்தத் தடை இல்லை. மற்றொன்று, படிப்புக்குப் பின் பயிற்சியாக வேலை செய்ய அமெரிக்கா தரும் பன்னிரண்டு மாத அனுமதியை மேலும் 24 மாதம் நீட்டிக்க, பாடம் அந்நாட்டு அரசின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருக்க வேண்டும். தடய அறிவியலும் கணினித் தடயவியலும் அதில் உள்ளன. குற்றவியலும் குற்ற நீதியும் இல்லை. கல்விக்கடன் வாங்கிச் செல்கிறவருக்கு இந்த ஒரு வேறுபாடே கணக்கை மாற்றிவிடும். பிரிட்டனில் முதுநிலை பொதுவாக ஓராண்டுதான். இந்திய மூன்றாண்டு இளநிலையை அங்கே பெரும்பாலும் ஏற்கிறார்கள்.

பட்டத்தின் பெயர் சற்று மாறியிருந்தால் சிக்கல் வருமா?

வரும். 'குற்றவியல்', 'குற்றவியலும் குற்ற நீதி அறிவியலும்', 'குற்றவியலும் காவல் அறிவியலும்' என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. பணி அறிவிப்பில் ஒரு பெயர் இருந்து, சான்றிதழில் வேறு பெயர் இருந்தால், இரண்டும் இணையானவை என்ற அரசாணையைத் தேர்வாணையம் கேட்கும். தமிழ்நாட்டில் உயர்கல்வித் துறை இத்தகைய இணைத்தன்மை ஆணைகளை வெளியிடுகிறது. அதற்கான பரிந்துரை மாநில உயர்கல்வி மன்றத்தின் குழு வழியாகச் செல்கிறது. அந்த ஆணை, பணி அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்பே வந்திருக்க வேண்டும் என்று தேர்வாணையம் வற்புறுத்துவது வழக்கம். விண்ணப்பித்துவிட்டுப் பிறகு ஆணை வாங்கலாம் என்று இருந்தால் சான்றிதழ் சரிபார்ப்பில் தள்ளுபடியாகிவிடலாம். எனவே எந்தப் பணியை நோக்கிப் படிக்கிறீர்களோ, அந்தப் பணிக்குக் கடைசியாக வெளியான அறிவிப்பை எடுத்து, அதிலுள்ள பட்டத்தின் பெயரைக் கல்லூரி தரப்போகும் சான்றிதழின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபட்டால், இணைத்தன்மை ஆணை ஏற்கெனவே இருக்கிறதா என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். இருந்தால் ஆணையின் எண்ணையும் நாளையும் குறித்துக்கொண்ட பிறகு கட்டணத்தைச் செலுத்துங்கள்.